ஐம்பது நிமிடத்துக்குள் அடங்காத பயம்: ஓர் ஓசிடி சிகிச்சையில் அமர்வு நேரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒருவருக்கு உளவியலாளர் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதை எங்கள் கிளினிக்கில் பெரும்பாலும் அப்பாயின்ட்மென்ட் நோட்டுதான் தீர்மானிக்கும். ஐம்பது நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் குறிப்பு, அடுத்தவர். நிறையப் பேருக்கு இது சரியாகவே வேலை செய்கிறது. கீழே வருபவருக்கு வேலை செய்யவில்லை. அவருக்கு இருந்தது ஓசிடி: வேண்டாத சந்தேகம் விடாமல் வரும், அதை அடக்க ஒரே செயலைச் சடங்கு போலத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். ஏன், அப்புறம் என்ன செய்தோம் என்பதை, இதே தொழிலில் இருப்பவர்களும் வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு தவிப்பவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

இருபதுகளின் கடைசியில் இருக்கும் இளைஞர். டெல்டா பகுதியில் ஒரு நகரம், கூரியர் டெலிவரி வேலை, பார்சலுக்கு இவ்வளவு என்று சம்பளம். வீட்டில் அம்மாவும் அக்காவும். ஒரு மழைநாள் சாயங்காலம் ஒரு சந்தில் வண்டியைத் திருப்பும்போது நாய் ஒன்று குரைத்துக்கொண்டு கூடவே ஓடி வந்திருக்கிறது. கொஞ்ச தூரம் போன பிறகு கெண்டைக்காலில் ஈரம் தெரிந்தது. ரோட்டில் தேங்கிக் கிடந்த தண்ணீரா, நாயின் எச்சிலா? அந்தச் சந்தேகம் அன்று ராத்திரி அவரைத் தூங்க விடவில்லை. மறுநாள் அரசு மருத்துவமனையில் நாய்க்கடி ஊசி போட ஆரம்பித்து, எல்லாத் தவணையையும் ஒழுங்காக முடித்தார்.

இதுவரை யாரும் குறை சொல்ல முடியாது. ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் கிட்டத்தட்ட யாருமே பிழைப்பதில்லை, நம் ஊர்த் தெருக்களில் நாய்க்கடி அன்றாடம் நடப்பது, சந்தேகம் வந்தால் டாக்டரிடம் போவதுதான் சரி. ஆனால் ஊசி முடிந்த பிறகும் சந்தேகம் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தெருவிலும் ஒரு புது நாய், ஒரு புது ஈரம். இன்னொரு சுற்று ஊசி கேட்டுப் போனார். தேவையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பக்கத்து ஊர் கிளினிக்கில் வேறு கதை சொல்லிப் போட்டுக்கொண்டார்.

கடிபட்ட இடத்தை சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது, நல்ல அறிவுரை. இவர் அதை ஃபோனில் டைமர் வைத்து இரண்டு காலுக்கும் தனித்தனியாகச் செய்தார், வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும். ரேபிஸ் வந்தவர்களுக்குத் தண்ணீர் விழுங்க முடியாது, காற்று பட்டாலே துடிப்பார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு, ஒரு நாளைக்குப் பல தடவை ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பார்ப்பார், ஃபேனுக்கு நேராக முகத்தை வைத்துப் பார்ப்பார். ராத்திரி படுப்பதற்கு முன் அம்மா டார்ச் அடித்து அவர் காலைப் பார்த்து "ஒண்ணும் இல்லடா" என்று சொல்ல வேண்டும். கடித்து ஒரு வருடம் கழித்துக்கூட நோய் வரலாம் என்பதால், இத்தனை மாதம் ஒன்றும் ஆகவில்லையே என்ற ஆறுதலும் அவரிடம் செல்லவில்லை. எங்களிடம் வரும்போது வேலைக்குப் போவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தார்.

எங்களிடம் வருமுன் அவருக்குக் கிடைத்த நேரம்

முதலில் மனநல மருத்துவரைப் பார்த்திருக்கிறார், வெளிநோயாளிகள் பிரிவில். ஐந்தாறு நிமிடம் இருக்கும் என்றார். அந்த ஐந்து நிமிடத்தைக் குறைவாகப் பேச எனக்கு மனமில்லை. வெளியே அவ்வளவு பெரிய வரிசை நிற்கும்போது, ஓசிடி என்று சரியாகக் கண்டுபிடித்து, ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற சரியான மருந்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஓசிடிக்கு இந்த மருந்து மற்ற நோய்களுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவில் தேவைப்படலாம், பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம், ஆரம்பத்தில் குமட்டும், பிறகு அடங்கும் என்பதைச் சொல்லத்தான் அங்கே நேரமில்லை. இரண்டு வாரத்தில் குமட்டலுக்குப் பயந்து இவர் நிறுத்திவிட்டார். இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் மருந்து தொடர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது இதற்கு நேரெதிர். தெரிந்தவர் மூலமாக ஒரு கவுன்சலர். இரண்டு மணி நேரம் வரை உட்கார வைத்துப் பேசுவாராம், மிகவும் அன்பானவர். இவர் ஒவ்வொரு சம்பவமாகச் சொல்ல, "அது எச்சிலா இருக்க வாய்ப்பே இல்லப்பா", "ஊசி போட்டாச்சே, அப்புறம் என்ன பயம்" என்று அவர் பொறுமையாக விளக்குவார். "அவங்க முன்னாடி உக்காந்திருக்கற வரைக்கும் பயமே இருக்காது மேடம், வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்தா திரும்ப ஆரம்பிச்சிடும்" என்று இவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்தேன். வாரம் ஒரு முறை என்பது மூன்று முறையானது, ராத்திரி ஃபோனும் சேர்ந்துகொண்டது.

அம்மாவின் டார்ச் செய்த அதே வேலையைத்தான் அந்த இரண்டு மணி நேரமும் செய்திருக்கிறது. ஓசிடியில் ஆறுதல் கேட்பதும் ஒரு சடங்கு, கை கழுவுவது போலவே. பதில் கிடைத்ததும் பயம் இறங்கும், இறங்கிய நிம்மதிக்காகவே மனம் அடுத்த கேள்வியைத் தயார் செய்யும். நிறைய நேரம் கொடுப்பவர் நல்ல சிகிச்சையாளர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த நோயில் அந்த நினைப்பு ஆளையே முடக்கிப் போடும்.

முதல் மதிப்பீடு

மதிப்பீட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்ட இரண்டு அமர்வுகள் எடுத்தோம். ஒன்றில் அவரோடு தனியாக, இன்னொன்றில் பாதி நேரம் அம்மாவும் இருந்தார். ஓசிடியின் கடுமையை அளக்கும் ஒய்-பாக்ஸ் அளவுகோல் 0 முதல் 40 வரை போகும். இவர் கடுமையானது என்று சொல்லப்படும் வரம்புக்குள் இருந்தார். தற்கொலை எண்ணம் இல்லை, குடிப்பழக்கம் இல்லை.

ஒரு விஷயம் முக்கியமாகத் தெரிந்தது. அவருக்கு நாய் என்றால் பயமில்லை. சின்ன வயதில் வீட்டில் நாய் வளர்த்தவர், இப்போதும் தூரத்தில் குட்டியைப் பார்த்தால் முகம் மலர்கிறது. வெறும் நாய் பயமாக இருந்திருந்தால், ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஒஸ்ட் 1989-இல் விவரித்த முறை இருக்கிறது: அதிகபட்சம் மூன்று மணி நேரம், ஒரே அமர்வு, குறிப்பிட்ட ஒரு பொருள் மீதான பயத்துக்கு அது நன்றாக வேலை செய்கிறது. இவருக்குப் பயம் நாயின் மேல் இல்லை, "உறுதியாகத் தெரியவில்லையே" என்ற நிலையின் மேல். அது ஒரே உட்காரலில் தீர்வதில்லை.

மருந்தை மீண்டும் தொடங்க அதே மனநல மருத்துவரிடம் ஒரு கடிதத்தோடு அனுப்பினோம். சிகிச்சைக்கு ஈஆர்பி முறையை எடுத்தோம்: பயத்தைத் தூண்டும் சூழலுக்குப் போவது, போன பிறகு சடங்கைச் செய்யாமல் இருப்பது. 1966-இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் இதை முதலில் செய்தபோது, நோயாளி கழுவாமல் இருக்கிறாரா என்று பார்க்க வார்டில் நர்ஸ்கள் கூடவே இருந்தார்கள். தொடக்கத்திலிருந்தே இது நேரம் கேட்கும் சிகிச்சை.

ஐம்பது நிமிட அமர்வுகளில் கண்டது

வழக்கம்போல வாரம் ஒரு முறை, ஐம்பது நிமிடம் என்று தொடங்கினோம். சாயங்கால நேரம், வெளியே அடுத்தவர் காத்திருப்பார். அந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்கவும், வீட்டில் செய்யச் சொன்னதைப் பார்க்கவும் கால் மணி நேரம் ஆகும். கிளினிக்கிலிருந்து இறங்கி நாய்கள் படுத்திருக்கும் தெருமுனைக்கு நடக்கப் பத்து நிமிடம். அங்கே நிற்க ஆரம்பித்து, பயத்துக்கு நூறுக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் எழுபது, எண்பது, தொண்ணூறு என்று ஏறிக்கொண்டே போகும். சரியாக அந்த நேரத்தில் நான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

திரும்பி வந்ததும் நேராக எங்கள் பாத்ரூமுக்குப் போய்க் காலைக் கழுவுவார். தடுக்க முடியவில்லை, தடுத்தாலும் வீட்டில் போய்க் கழுவுவார். இதில் அவர் மனம் கற்றுக்கொண்டது என்ன? பயம் உச்சிக்குப் போனது, கழுவினேன், பிழைத்தேன். சில வாரத்தில் சடங்கு குறையவில்லை என்பது மட்டுமில்லை, "இந்தத் தெருவுக்கு வந்தாலே அதிகமாகுது, வேற ஏதாவது பேசிக்கிட்டே இருக்கலாமே மேடம்" என்று கேட்க ஆரம்பித்தார். நியாயமான கேள்வி. உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்க நேரம் கொடுக்காத சிகிச்சையை யார் விரும்புவார்கள்?

நேரத்தை மாற்றும் முடிவு

ஐம்பது நிமிடம் என்பது எந்த நோய்க்காகவும் அளந்து வைத்ததில்லை. மனப்பகுப்பாய்வுக் காலத்தில் ஃப்ராய்ட் ஒவ்வொருவருக்கும் தன் நாளில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வைத்தார். பிறகு குறிப்பு எழுதவும் மூச்சு விடவும் அதில் கொஞ்சம் கழிந்தது. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் பில்லுக்கு 45 நிமிட அமர்வுக்கு ஒரு எண், 60 நிமிடத்துக்கு வேறு எண் என்று இருக்கிறது, குறைந்தது 53 நிமிடம் ஆனால்தான் இரண்டாவது எண்ணைப் போடலாம். நிர்வாகத்துக்கு வசதியான அளவுகள் இவை. ஓசிடிக்கு உளவியலாளர் எட்னா ஃபோவாவும் அவர் சகாக்களும் ஆய்வுகளில் பயன்படுத்திய முறையில் அமர்வுகள் 90 நிமிடமோ அதற்கு மேலுமோ நீளும், வாரம் இரண்டு, மொத்தம் 17 வரை. அதே துறையில் கோவாவின் சங்கத் என்ற மனநல அமைப்பு மனச்சோர்வுக்காக உருவாக்கிய திட்டத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் 30–40 நிமிடத்தில், ஆறிலிருந்து எட்டு அமர்வில் நல்ல பலன் காட்டியிருக்கிறார்கள். மனச்சோர்வில் அடுத்த வாரம் செய்ய வேண்டிய செயல்களைத் திட்டமிட அந்த நேரம் போதும். இவருக்கு நடந்து போக வேண்டும், பயம் ஏற வேண்டும், கழுவாமல் அதோடு இருக்க வேண்டும், பிறகு என்ன நடந்தது என்று பேச வேண்டும்.

ஆகவே 90 நிமிடம், வாரம் இரண்டு நாள் என்று முடிவெடுத்தோம். சொல்வது சுலபம். பார்சல் கணக்கில் சம்பாதிப்பவருக்கு வாரம் மூன்று மணி நேரக் கட்டணம் எங்கிருந்து வரும்? அவருடன் வெளிப்படையாகப் பேசினேன். நீளமான அமர்வுகள் சில வாரத்துக்கு மட்டும்தான், பிறகு குறையும் என்று சொல்லி, வாரத்துக்கு இவ்வளவு என்று அவரால் முடிகிற ஒரு தொகையை இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். மீதியைக் கிளினிக் ஏற்றுக்கொண்டது. எல்லோருக்கும் இப்படிச் செய்ய முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நேரத்தைக் காலைக்கு மாற்றினோம், ஏழரை மணி. யாரும் பின்னால் காத்திருக்க மாட்டார்கள். கறிக்கடை வாசலில் நாய்கள் கூடும் நேரமும் அதுதான். இன்னொரு காரணமும் உண்டு: முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கூரியர் ஆபீஸுக்குப் போகலாம், பாத்ரூமும் சோப்பும் உடனே கைக்கு எட்டாது.

நீண்ட அமர்வுகள்

தொடங்குமுன் ஒரு பொது மருத்துவரோடு பேசி ஒரு சின்ன அட்டை தயார் செய்தோம். நாய் கடித்ததை நேரில் உணர்ந்தாலோ, பல்லோ நகமோ பட்ட கீறல் கண்ணுக்குத் தெரிந்தாலோ, காயத்திலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது தெரிந்தாலோ, உடனே கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. "பட்டிருக்குமோ" என்ற எண்ணம் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யக் கூடாது. ரேபிஸ் உண்மையில் ஆளைக் கொல்லும் ஊரில் இந்த அட்டை இல்லாமல் இந்தச் சிகிச்சையைத் தொட்டிருக்கவே மாட்டேன். நாயைத் தொடுவது, தடவுவது எதுவும் பயிற்சியில் கிடையாது.

முதல் காலைகளில் கைலி கட்டிக்கொண்டு கறிக்கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றார், கெண்டைக்கால் வெளியே தெரிய. நானும் பக்கத்தில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அருகே போனோம். ஈரத் தரையில் வண்டி ஒன்று போய்த் தண்ணீர் காலில் தெறித்த அன்று அவர் முகம் வெளிறிவிட்டது. "மேடம், அந்த நாய் அங்கதானே வாய வச்சுது?" என்றார். "தெரியல தம்பி. தெரியாமலே இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம்." இந்தப் பதிலைச் சொல்வது லேசில்லை. ஒருவர் நடுங்கிக்கொண்டு கேட்கும்போது "இல்லப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் அப்போதே நிமிர்ந்துவிடுவார், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சொல்லாமல் இருந்தேன். அரை மணி நேரம் தாண்டி, தொண்ணூறு எழுபதாகி, பிறகு ஐம்பதாகி, கடைசியில் அவர் அந்த வழியாக வந்த தெரிந்த பையனோடு கிரிக்கெட் பேச ஆரம்பித்தார். கால் காய்ந்திருந்தது, துடைக்கவில்லை.

அடுத்த கட்டத்தில், கழுவாத காலோடு டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்தார், விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல், பேசிக்கொண்டே. ஃபோனில் டைமரை அழித்தார். "கடிச்சிருக்கலாம், கடிக்காமலும் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது, நான் வேலைக்குப் போறேன்" என்பதைத் தன் குரலில் பதிவு செய்து வண்டி ஓட்டும் முன் கேட்டார்.

ஒரு நாள் 90 நிமிடம் முடிந்தும் பயம் அறுபதிலேயே நின்றது. அன்று நீட்டலாமா என்று யோசித்தேன், நீட்டவில்லை. பயம் அமர்வுக்குள்ளேயே இறங்கியாக வேண்டும் என்பது பழைய விளக்கம். உளவியலாளர் மிஷெல் க்ராஸ்க் போன்றவர்களின் ஆய்வுகளுக்குப் பிறகு, ஒருவர் எதிர்பார்த்த கேடு நடக்கவில்லை என்பதைக் கற்றுக்கொள்வதுதான் முக்கியம் என்று பார்க்கிறோம். "இப்படியே கிளம்பினா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். வண்டி ஓட்ட முடியாது, பாதி வழியில் திரும்பி வீட்டுக்குப் போய்விடுவேன் என்றார். அப்படியே அனுப்பினேன். சாயங்காலம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: எல்லா பார்சலும் கொடுத்தாச்சு. அவர் முன்னேற்றத்தில் அந்த நாளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இப்போதும் நினைக்கிறேன்.

வீட்டில்

அம்மாவையும் அக்காவையும் வைத்து முக்கால் மணி நேரம் ஒரு அமர்வு போதுமாயிருந்தது. டார்ச் அடித்துப் பார்ப்பதை ஒரே நாளில் நிறுத்தவில்லை, முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு இல்லை. "ஒருவேளை நிஜமாவே கடிச்சிருந்தா என்ன பண்றது, நான் பெத்தவ" என்று அம்மா கேட்டார். அவரிடம் அந்த அட்டையைக் கொடுத்தேன். மகன் கேள்வி கேட்டால் சொல்ல வேண்டியதையும் அவர்களே யோசித்தார்கள்: "இதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதுன்னு பேசியிருக்கோம்ல, வா, சாப்பிடலாம்."

நேரத்தைக் குறைத்தது

ஆறேழு வாரத்தில் கழுவுவது சாதாரணக் குளியல் அளவுக்கு வந்ததும் வாரம் ஒரு முறை, ஐம்பது நிமிடம் என்று குறைத்தோம். இப்போது அதே ஐம்பது நிமிடம் தாராளமாக இருந்தது, ஏனென்றால் தெருவில் நிற்பதை அவரே தினமும் செய்துகொண்டிருந்தார், அமர்வில் அதைப் பற்றிப் பேசினால் போதும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கடைசியில் பதினைந்து நிமிட ஃபோன். ஃபோனில் நாயைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை என்று முன்கூட்டியே பேசிவைத்தோம். ஒரு முறை கேட்டார், நான் பதில் சொல்லவில்லை, அவரே சிரித்துவிட்டார்.

விளைவு

ஏறக்குறைய நான்கு மாத முடிவில் ஒய்-பாக்ஸ் லேசானது என்ற வரம்புக்கு வந்திருந்தது. மருந்தைத் தொடர்கிறார், அதன் பங்கு எவ்வளவு, நீண்ட அமர்வுகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன. முழு நேரமும் டெலிவரிக்குப் போகிறார். முதலில் சம்பவம் நடந்த அந்தச் சந்துக்கு மட்டும் இன்னும் சுற்று வழியில்தான் போகிறார், அதைத் தானே சொன்னார், அடுத்த வேலை அது.

இடையில் பக்கத்து மாவட்டத்தில் ரேபிஸால் ஒரு மரணம் என்று டிவியில் செய்தி ஓடியது. அன்று ராத்திரி இரண்டு காலையும் கழுவியிருக்கிறார், டைமர் இல்லாமல். மறுநாள் கூப்பிட்டார். உடனே வரச் சொல்லாமல் இரண்டு நாள் கழித்து ஒரு வழக்கமான அமர்வு கொடுத்தோம். அதற்குள் அவரே காலை ஏழரைக்குக் கறிக்கடை வாசலில் போய் நின்றுவிட்டு வந்திருந்தார்.

இனி மாற்றிச் செய்வது

ஓசிடி என்று தெரிந்து வருபவருக்கு முதல் ஃபோனிலேயே காலை நேரத்தை ஒதுக்கிவிடுகிறோம். தொடக்கத்தில் நீளம், போகப்போகக் குறைவு என்ற திட்டத்தையும் கட்டணத்தையும் முதல் நாளிலேயே காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறோம். வாரக்கணக்கில் தொகை சொல்வது மணிக்கணக்கைவிட வேலை பார்ப்பவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. குடும்பத்தோடு பேசும் அமர்வை முதல் பத்து நாளுக்குள் வைக்கிறோம், ஏனென்றால் வீட்டில் டார்ச் எரிந்துகொண்டிருக்கும் வரை கிளினிக்கில் எத்தனை நிமிடம் செலவழித்தாலும் பாதி வீணாகிறது. முன்பு யாரிடம் போனீர்கள் என்று மட்டும் கேட்காமல், அங்கே எவ்வளவு நேரம் இருந்தீர்கள், அந்த நேரத்தில் என்ன செய்தார்கள், வெளியே வந்ததும் எத்தனை மணி நேரம் நிம்மதி இருந்தது என்றும் கேட்கிறோம். மனநல மருத்துவருக்கு அனுப்பும் கடிதத்தின் இன்னொரு நகலில் மருந்து பலன் தர ஆகும் காலமும் ஆரம்பத்தில் வரும் குமட்டலும் தமிழில் எழுதப்பட்டு நோயாளியின் கையிலேயே போகிறது, இதற்கு அந்த மருத்துவரின் ஒப்புதலும் வாங்கியிருக்கிறோம்.

தெருவில் நடக்கும் அமர்வுக்கு இன்னொருவரைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். 90 நிமிடத்தை ஒரே ஆள் வாரம் முழுக்கக் கொடுக்க முடியாது, எங்கள் ஊரில் உரிமம் பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் மிகக் குறைவு. பயிற்சியில் இருப்பவர் கறிக்கடை வாசலில் கூட நிற்பார், முதல் சில அமர்வுகளுக்கு நானும் போவேன், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்பதை அவர் அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.